தடைக்காலத்தில் ஒரு மீன் சாப்பாடு

காரைக்காலுக்குப் போனால் மீனாகத் தின்று தீர்க்கலாம் என்றார் என் முதலாளி. அவர் காரைக்காலைப் பார்த்ததில்லை. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுகிறவர். நான் போய் இறங்கியது மே மாதத்தின் முதல் வாரம். துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்தன. தடைக்காலம். மீன் இனம் பெருகட்டும் என்று இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கடலுக்குள் விடமாட்டார்கள்.

எனக்கு இது புதிதில்லை. நான் ஐஸ் பிளான்ட் மெக்கானிக். அமோனியா கம்ப்ரசரைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவேன். படகு போகாத மாதத்தில்தான் ஐஸ் பிளான்டை நிறுத்திப் பிரிக்க முடியும். அதனால் நான் பார்த்த கடலோர ஊர்கள் எல்லாமே மீன் இல்லாத ஊர்கள்தான். நெல்லூர், கடலூர், ராமேஸ்வரம், எங்கே போனாலும் காய்ந்த துறைமுகம், தூங்குகிற நாய், வலை தைக்கிற ஆட்கள். இருபது வருடத்துக்கு மேல் ஐஸுக்கு வேலை பார்க்கிறேன். என் ஐஸில் மீன் கிடந்து நான் பார்த்தது கிடையாது.

அறை கோவில்பத்தில். ஒரு வீட்டு மாடி. காலை எட்டரைக்கு அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே பைக்குகள் திரும்பி வரும். ஒரு மாதத்தில் என்னோடு யாரும் பேசவில்லை. வீட்டுக்காரர் மட்டும் ஒரு முறை, "மோட்டார் ஓடுதுல்ல, குழாய மூடுங்க" என்றார். தண்ணீர் உப்பு. காபியும் உப்பு. கடைக்காரனிடம் கேட்டேன். "எங்களுக்குத் தெரியலீங்களே" என்றான். பழகிவிட்டால் தெரியாதுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு வழி கேட்டேன். ஐஸ் பிளான்ட் வாட்ச்மேன் சம்பந்தம் சொன்னார். அவர் நெரவிக்காரர், தினமும் சைக்கிளில் வருகிறவர், அறுபது வயது இருக்கும். "நாகூர் ரோட்டுல தேவகி மெஸ்ஸுன்னு கேளுங்க. எங்க ஊரு திருப்பத்துக்கு முன்னாடி. தடைக்காலத்துலயும் பச்ச மீன் போடுறது அந்தம்மா மட்டுந்தான். ஃபைபர் போட்டுக்காரங்க கரையோரமா புடிச்சிட்டு வர்றத விடியக்காலம் நின்னு ஏலம் எடுத்தாந்துரும்."

கீற்றுக் கொட்டகை. நான்கு மேசை. வாசலில் ஒரு வேன் நின்றது. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்புகிற கூட்டம் உள்ளே உட்கார்ந்திருந்தது, பதினைந்து பதினாறு பேர். இலை போட்டாயிற்று, சோறு விழவில்லை. நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பேசினில் ஐஸை உடைத்துப் போட்டு அதற்குள் மீனைப் புதைத்து வைத்திருந்தார்கள். இரண்டு பெரிய கொடுவா. தலை வெளியே தெரிந்தது. கண் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

நான் மேட்டூர் மீன் சாப்பிட்டு வளர்ந்தவன். அணையிலிருந்து பிடித்து வந்து உயிரோடு துள்ளத் துள்ளப் போடுவார்கள். கண் கண்ணாடி மாதிரி இருக்கும். வெள்ளைக் கண் என்றால் கெட்ட மீன். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏம்மா, அழுகின மீனை ஐஸ்ல போட்டு வெச்சிக்கிட்டு ஜனங்களுக்குப் போடறீங்களா?" என்று கத்தினேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. கம்ப்ரசர் சத்தத்தில் வேலை பார்த்த தொண்டை.

அடுப்படியிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவர்தான் தேவகி. கையில் கரண்டி. "சத்தம் போடாதீங்கண்ணே. காலையில ஏலத்துல எடுத்தது. வாங்க, செவுளத் தூக்கிக் காட்டுறேன், பாத்துட்டுப் பேசுங்க."

"செவுளைப் பாத்து என்ன ஆகுது? கண்ணைப் பாத்தாலே தெரியுது. நான் ஐஸ் பிளான்ட்காரன். எங்கிட்டயே ஐஸ் வேலை காட்டறீங்களா?"

ஐஸ் பிளான்ட்காரன் என்றதும் வேன் ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பிறகு எல்லோருமே எழுந்தார்கள். வேன் டிரைவர் தேவகியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். பதினாறு இலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி நடந்து வெளியே வந்தேன். டவுனுக்கு வந்து பரோட்டா சாப்பிட்டேன். ரப்பர்.

இரண்டாவது வாரம் தரங்கம்பாடி. சனிக்கிழமை. பார்ட்ஸ் வரவில்லை, வேலை இல்லை. அறையில் உட்கார்ந்தால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் கோட்டையைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

டேனிஷ்காரன் கட்டிய கோட்டை. நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். ஆனால் வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் இல்லை. சாப்பிட என்று தேடினால் மாங்காய்ப் பத்தை, ஐஸ்கிரீம், குச்சியில் குத்திய உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு தின்னவா சேலத்திலிருந்து வந்தேன்? கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தேன். தனியாக உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது. "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" எடுத்துக் கொடுத்தேன். "சார், எங்களுக்கும்." எடுத்துக் கொடுத்தேன். பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஒரு பையன் போனை வாங்கிப் பார்த்து, "தலை வெட்டிருச்சு அங்கிள், இன்னொண்ணு எடுங்க" என்றான். வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். இன்னொன்று எடுத்தேன். என் போனை யாரிடமும் கொடுக்கவில்லை. எடுத்து யாருக்கு அனுப்புவது?

என் வீட்டுக்காரி நாமக்கல்லில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஆறு வருடம் ஆகிறது. நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவள் போய்விட்டாள். நான் போய்க் கூப்பிடவில்லை. இவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

திரும்பும்போது பஸ் பூவத்தில் நின்றுவிட்டது. கியர் விழவில்லை. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வருகிற முதல் ஊர் பூவம். சாராயக் கடைகளும் அங்கிருந்தே ஆரம்பம். பஸ் ரிப்பேரானால் ஜனங்கள் டிரைவரைத் திட்டித்தான் பார்த்திருக்கிறேன். இங்கே பின்சீட்டில் நான்கு பேர் கை தட்டினார்கள்.

"எறக்கிவுட்ட எடம் பாத்தியா மாப்ள, பஸ்ஸுக்கே தெரிஞ்சிருக்கு."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அரை மணி நேரந்தான். போனவன் வரலைன்னா உட்டுட்டுப் போயிடுவேன்."

"நீங்க போங்கண்ணே, நாங்க நாளைக்கு வர்றோம்."

நானும் இறங்கினேன். ஒரு பெட்டிக்கடையில் வேகவைத்த முட்டையும் மிளகாய்ப் பொடியும். அருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். பச்சை முட்டையாக இருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். "அரைவேக்காடு ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார்.

மூன்றாவது வாரம் நாகூர். வாடா தின்னச் சொல்லியிருந்தார்கள். அரிசி மாவில் வடை மாதிரித் தட்டி, உள்ளே வெங்காயம் வைத்து, மேலே ஒரு இறாலைப் பதித்துப் பொரிப்பது. இறால் ஓட்டோடு கடிபட வேண்டும். நன்றாக இருந்தது. ஒரு மாதத்தில் நான் குறை சொல்லாமல் சாப்பிட்ட முதல் பண்டம் அதுதான். இரண்டு சாப்பிட்டதும் பக்கத்தில் திரும்பி, "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு தூண். கடைக்காரர் பார்த்துவிட்டார். "நல்லா இருக்கும் பாய், இன்னொண்ணு வைக்கவா?" என்று தூணுக்காகப் பதில் சொன்னார். அவருக்கு எல்லோரும் பாய்தான் போல.

போகும்போதும் வரும்போதும் பஸ் ஜன்னலிலிருந்து தேவகி மெஸ்ஸைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று இடப்பக்கம் உட்கார்ந்தேன், திரும்பும்போது வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி. வாசலில் ஒரு வண்டி இல்லை. மேசைமேல் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் வாசற்படியில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தான்.

நான்காவது வாரம் புதன்கிழமை பார்ட்ஸ் வந்தது. பூட்டிக்கொண்டிருக்கும்போது சம்பந்தம் டீ வாங்கி வந்தார். டீயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்லீங்க. தேவகி மெஸ்ஸ இந்த ஞாயித்துக்கெழமையோட மூடப் போவுதாம்."

"அழுகின மீனைப் போட்டா மூடத்தான் வேணும்."

சம்பந்தம் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கோபம் இல்லை. புத்தி மந்தமான மாட்டைப் பார்ப்பது போல. "ஏங்க, ஐஸ்ல பொதச்சா கண்ணு வெளுக்கத்தாங்க செய்யும். ஐஸு மேல பட்டுட்டா காலையில புடிச்ச மீனா இருந்தாலும் மத்தியானம் கண்ணு பால் மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் செவுளப் பாக்கணும். செவுளு செவப்பா இருந்தா பச்ச மீனு. இது கெளிஞ்சமேட்டு மீனவக் குப்பத்துல கைக்கொழந்தைக்குக்கூட தெரியுமுங்க. நீங்க ஐஸுக்காரவங்க, ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும், வேற ஏதோ பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். ஐஸ்காரன் என்று சொல்லி ஒரு கடையைக் காலி பண்ணியிருக்கிறேன். ஐஸில் மீனின் கண் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

மீதியையும் அவரே சொன்னார். தேவகி புருஷன் விசைப்படகில் போகிறவர், இப்போது கரையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிவது மெஸ்ஸால்தான். மெஸ் ஓடுவது சனி ஞாயிறு வேன்களால். அன்றைக்கு வந்த வேன் டிரைவர் பெயர் ஜாபர். அவன் நிறுத்தினால் மற்ற வேன்காரர்களும் நிறுத்துவார்கள். அவன் நிறுத்துவதை விட்டுவிட்டான். எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"அந்த ஜாபர் எங்க இருப்பான்?"

"சனிக்கெழமைன்னா திருநள்ளாறு. வேற எங்க இருக்கப் போறாரு?"

சனிக்கிழமை காலை கம்ப்ரசரை ஓட்டிக் காட்டிவிட்டேன். வேலை முடிந்தது. திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும். குளிக்கக்கூட இல்லை. கிரீஸ் பட்ட சட்டை, நான்கு நாள் தாடி. அப்படியே திருநள்ளாறு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கு யாரும் தெரியாமல் போய்விடாதீர்கள். எங்கள் ஊர் தேர்க்கூட்டம் இதன் முன் ஒன்றுமில்லை. சனி பிடித்தவர்கள் எல்லாம் குளத்தில் தலை முழுகி, கட்டியிருந்த துணியை விட்டுவிட்டுப் போகிறார்கள். வண்டி நிறுத்துகிற திடலில் நூறு வேன் நிற்கிறது. எந்த வேன் என்று எனக்கு நினைவில்லை. ஆளின் முகம் மட்டும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தேன். இரண்டு டிரைவர்கள் என்னைத் திருடன் என்று விரட்டினார்கள். பதினொரு மணிக்கு முடியவில்லை. திடலுக்குப் போகிற வழியில் ஒரு சுவர் நிழலில் உட்கார்ந்தேன். அங்கே வரிசையாகச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு குடும்பம் வந்தது. தலை ஈரம், புதுத்துணி. அந்த வீட்டுப் பெண் என் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்துக் கும்பிட்டாள். எள் சாதம்.

"ஏம்மா! என்னைப் பாத்தா பிச்சைக்காரன் மாதிரியா இருக்குது?" என்று எழுந்தேன். பொட்டலத்தை அவள் கையில் திணிக்கப் போனேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினாள். புருஷனிடம் தெலுங்கில் சொன்னாள். நெல்லூரில் வேலை பார்த்தவன் நான், எனக்குப் புரியும். "இவர் வாங்காவிட்டால் சனி நம்மை விட்டுப் போகாதே, இப்போது என்ன செய்வது?" என்றாள். புருஷன், "வேறு ஆளுக்குக் கொடு" என்றான். "ஒருத்தர் திருப்பிக் கொடுத்ததை எப்படிக் கொடுப்பது?" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், உண்மையிலேயே அதற்காக உட்கார்ந்திருந்தவர், என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாங்கிக்கங்க அண்ணாச்சி. நீங்க வாங்குனாத்தான் அவங்க நவுருவாங்க. அவங்க நவுந்தாத்தான் அடுத்த ஆளு எங்கிட்ட வரும்."

வாங்கிக்கொண்டேன். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாதாம்.

"சாப்புடுங்க. ஆறிட்டா கசக்கும்" என்றார் பக்கத்து ஆள். காலையில் சாப்பிடவில்லை. பிரித்தேன். அவரும் ஒன்றைப் பிரித்தார். அடுத்தவர் சனியைத் தின்கிறோமே என்று கேட்டேன். "பதிமூணு வருசமா திங்கிறேன்" என்றார். "இப்ப என்னத்த புதுசா புடிக்கப் போவுது? உப்பு கொறச்சலா இருக்குல்ல?" ஆமாம், குறைச்சல்தான். ஒரு மாதத்தில் நான் இன்னொரு ஆளோடு உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு அது.

பாதியில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஜாபர். என்னைத் தேடி வந்தவன் இல்லை, வண்டிக்குப் போகிறவன், நின்றுவிட்டான்.

"அட, ஐஸு பிளான்ட்டு! இங்கயா ஒக்காந்துருக்கீங்க? வேல போச்சா?" சிரித்தான் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. பக்கத்து ஆளும் சேர்ந்து சிரித்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்ததைச் சொன்னேன். எனக்கு மீனைப் பற்றித் தெரியாது, அது நல்ல மீன், நான் சொன்னது தப்பு, நாளைக்கு மெஸ்ஸில் வண்டியை நிறுத்து.

ஜாபர் சிரிப்பை நிறுத்திவிட்டான். "ஈசியா சொல்றீங்க. அந்தப் பார்ட்டி மூணு மணி வரைக்கும் பச்சப் புள்ளைவொளோட பட்டினி. நாகூர்க்காரனா பொறந்துட்டு கெட்டுப்போன மீனு கடைக்கு கூட்டிட்டுப் போறியேன்னு என்னயக் கேட்டாங்க. தேவகியக்கா மீனு நல்ல மீனுன்னு எனக்குத் தெரியும். வண்டியில இருக்குறவங்களுக்குத் தெரியுமா?"

"நான் வர்றேன். நாளைக்கு உன் வண்டியில நான் வந்து சொல்றேன்."

"அல்லாவே! நீங்க சொல்லாம இருந்தாலே போதும்." கொஞ்ச நேரம் யோசித்தான். "வாங்க. எம் பக்கத்துல ஒக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது. கடைக்கு வந்ததும் அவங்க கண்ணு முன்னாடி எறங்கி உள்ள போங்க. அது போதும். தொறந்தீங்க, எறக்கி வுட்டுருவேன்."

ஞாயிற்றுக்கிழமை. குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வேனில் ஏறினேன். திண்டுக்கல் பக்கத்து ஜனங்கள், பதினேழு பேர். காலையில் வேளாங்கண்ணி. கோவில் வாசலில் என்னை நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள். பதினேழு ஜோடிச் செருப்புக்கு நான் காவல். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கடைக்காரன் மெழுகுவர்த்தியை இரண்டு மடங்கு சொல்லி ஒரு கிழவரிடம் விற்றான். என் வாய் திறந்தது. ஜாபர் தூரத்திலிருந்து விரலை உதட்டில் வைத்தான். மூடிக்கொண்டேன். கம்ப்ரசர் பிரிப்பது இதைவிடச் சுலபம்.

திரும்பும்போது பன்னிரண்டரை மணி. நாகூர் தாண்டியதும் பசி பசி என்றார்கள். ஜாபர், "மீன் சாப்பாடு, நல்ல கடை, பதினஞ்சு நிமிசம்" என்றான். பின்னாலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார். "ஏண்ணே, தடைக்காலம்னு டிவில சொல்றாய்ங்க. மீனு நல்லாருக்குமா?"

ஜாபர் என்னை முறைத்தான். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

"எனக்கு மீனைப் பத்தித் தெரியாதும்மா. போன மாசம் அதே கடையில நல்ல மீனை அழுகினதுன்னு சொல்லி கத்திட்டேன். உக்காந்திருந்த ஜனம் எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க. தப்பு எம் மேலதான். நீங்க செவுளைப் பாத்துட்டு உக்காருங்க."

ஜாபர் நெற்றியில் கை வைத்தான். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான்" என்று பின்னால் திரும்பிச் சொன்னார். சிரித்தார்கள். சிரித்தபடியே வந்து இறங்கினார்கள்.

மெஸ் வாசலில் தேவகி நின்றார். முதலில் வேனைப் பார்த்தார், ஜாபரைப் பார்த்தார், பிறகு நான் இறங்குவதைப் பார்த்தார். முகம் இறுகியது. அந்த அம்மாள் நேராகப் பேசினுக்குப் போனார். தேவகி ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து காட்டினார். ரத்தச் சிவப்பு. பதினேழு பேரும் உட்கார்ந்தார்கள். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டும் இடம் போதவில்லை. தேவகியின் புருஷன் வலையைப் போட்டுவிட்டு இலை போட ஓடினார். இவர்களைப் பார்த்து ரோட்டில் போன இன்னொரு வேனும் நின்றது.

எனக்கு இடமில்லை. வெளியே குழாயடியில் நின்றேன். குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. "இன்னுங் கொஞ்சம் குழம்பு" என்று ஒரு குரல். "அக்கா, எனக்கு நடுத்துண்டு" என்று ஒரு குரல். பின்னால் வந்த வேன் கூட்டமும் உட்கார்ந்து எழுந்தது. ஜாபர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து, "வாயத் தொறந்துட்டீங்களே மாமு" என்று முதுகில் ஒரு அடி கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். மூன்று மணி ஆகிவிட்டது.

தேவகி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா."

"தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே. ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சிது?"

"புதன்கிழமை."

"வாங்க, பாருங்கன்னு நாந்தான் கூப்புட்டேனே? நின்னு பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல."

அவர் திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். நிறையத் திட்டினார். பதினாறு இலையைத் தூக்கிப் போட்டதைச் சொன்னார். ஆறு கிலோ மீன் போட்ட குழம்பைத் தெருவுக்கே கொடுத்ததைச் சொன்னார். அவர் புருஷன், "போதும் வுடு" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்று அவருக்கும் விழுந்தது.

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "இந்த ஒரு மாசமா எங்கதான் சாப்ட்டீங்க?"

"பரோட்டா. முட்டை. அங்கங்க."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியிது."

"மீன் இருக்குங்களா?"

"தீந்துபோச்சு." அதைச் சொல்லும்போது அவருக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க அவரால் முடியவில்லை. "குழம்புகூட இல்ல. சட்டிய வழிச்சாச்சு. மூடுறதா இருந்த கடைக்கு மீனு பத்தல." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "நாளைக்கு மத்தியானம் வாங்கண்ணே. ஒரு தலையும் நடுத்துண்டும் எடுத்து வக்கிறேன்."

"சரிம்மா" என்றேன்.

ரோட்டுக்கு வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். நாளைக்குக் காலையில் கிளம்ப முடியாது, கம்ப்ரசரில் ஒரு இடத்தில் லேசாகக் கசிகிறது, இன்னொரு நாள் ஆகும் என்றேன்.

அவர் திருப்பிக் கேட்டார். "கசியுதா? நீ போட்ட ஜாயின்ட்டா?"

"ஆமாங்க. நான் போட்டதுதான்."

இருபது வருடத்தில் நான் போட்ட ஜாயின்ட் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. அன்றைக்கும் கசியவில்லை.